பொய்ப் பெஞ்சில் கேட்ட கல்யாணம்

ஹோர்ன் என்ற ஏரிக்கரை ஊரின் துறைமுகத்தில் ஹார்மன் பிடித்த விலாங்கு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனது. பிடித்த அன்று முழங்கை நீளம்தான் இருந்தது. மறு வருஷம் படகு நீளம் ஆனது. அப்புறம் ஒரு குளிர்காலத்தில் கிடுகிடுவென்று வளர்ந்து, வாலைத் துறைமுகக் கோபுரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையை ஏரிக்கு அந்தக் கரையில் நீட்டி, அங்கே யாரோ ஆற வைத்திருந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தது. இத்தனைக்கும் ஹார்மனைத் தவிர ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் அது அவ்வளவு நன்றாக வளர்ந்தது.

அது வளர்ந்த இடம் கோபுரத்தடியில் கிடக்கும் பச்சைப் பெஞ்சு. ஊரில் அதற்குப் பொய்ப் பெஞ்சு என்று பெயர். மீன் பிடித்து ஓய்ந்தவர்கள், படகு ஓட்டி ஓய்ந்தவர்கள், ஒன்றுமே செய்யாமல் ஓய்ந்தவர்கள் எல்லாரும் காலையில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு அங்கே வந்து சேருவார்கள். பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்தபடி சொன்னது எல்லாம் பொய். அதற்காக யாரும் கோபப்படக் கூடாது, 'நேத்து அப்படிச் சொன்னியே' என்று பிடித்துக்கொள்ளவும் கூடாது. நிஜம் பேச வேண்டியவர் எழுந்து நின்று, இரண்டு காலையும் தரைக்கல்லில் ஊன்றிப் பேச வேண்டும். படகுப் பாய் தைக்கும் டௌவெ தன் மனைவி செத்துப்போன அன்று வந்து பெஞ்சு முன்னால் நின்றார். வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்படிப்பட்ட சட்டம் அது.

இன்னொரு விதியும் உண்டு. தன் பொய்யைத் தானே நின்று உடைக்கிறவனுக்கு அப்புறம் பெஞ்சில் இடம் கிடையாது. முன்பு ஒருத்தர், தான் பார்த்த திமிங்கலம் உண்மையில் ஒரு மரக்கட்டை என்று மனசு கேட்காமல் நின்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் போனவர்தான். இன்றைக்கும் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை.

ஹார்மனின் வீடு துறைமுகத்திலேயே கட்டிக்கிடக்கும் ஒரு பழைய பாய்மரச் சரக்குப் படகு. அதில்தான் பிறந்தார். அப்பா உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிக்கொண்டிருக்க, அம்மா ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடியே அவரைப் பெற்றுப் போட்டுவிட்டு, அடுத்த பாலம் வருவதற்குள் எழுந்து சூப் வைத்தாளாம். இதுவும் உட்கார்ந்து சொன்னதுதான். சரக்கெல்லாம் லாரிக்குப் போனபின் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றினார். பிள்ளைகள் ஒரு பக்கம் வாந்தி எடுக்கும், இவர் மறுபக்கம் கதை எடுத்துவிடுவார். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. படகில் பூத்தொட்டிகளும் அவரும்தான். கல்யாணம் ஆகவில்லை. "கரையில ஒரு பொண்ணு சரின்னு சொல்ல வாயத் தொறக்கும், அதுக்குள்ள காத்து திரும்பிடும். பாய ஏத்திட்டுக் கெளம்பியாகணும்" என்பார்.

ஆனால் இந்த மூன்று நான்கு வருஷமாக ஹார்மனுக்குக் காற்று ஒரே பக்கம்தான் அடித்தது. தூக்குப் பாலத்தடியில் ஃபெம்மியின் ஹெர்ரிங் மீன் வண்டி இருந்த பக்கம்.

ஃபெம்மி புருஷனை இழந்து ரொம்ப நாளாயிற்று. அவள் கத்தி போகிற வேகத்தில், தன் குடல் போனது மீனுக்கே தெரியாது. அவள் வாய் கத்தியைவிட வேகம். பச்சை ஹெர்ரிங்கை வெங்காயத்தில் புரட்டி நீட்டும்போதே வாடிக்கையாளருக்கு இரண்டு குத்தும் சேர்த்துக் கொடுப்பாள். ஊர் ஜனம் மீனுக்காக வருகிறதா குத்துக்காக வருகிறதா என்று சொல்ல முடியாது.

தினமும் ஹார்மன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவக் கிளம்புவார். படகிலிருந்து இறங்கி, கரையோரமாக, தூக்குப் பாலம் ஏறி அந்தக் கரையில் இறங்கி, வண்டியைத் தாண்டி, வீடுகள் எல்லாம் வம்பு கேட்கிற மாதிரி முன்னால் சாய்ந்து நிற்கும் சந்து வழியாகச் சந்தை மைதானம் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாததால் அதே வழியில் திரும்பி, மறுபடி வண்டியைத் தாண்டி வருவார். எதையோ மறந்ததுபோல் நெற்றியில் தட்டிக்கொண்டு இன்னொரு முறையும் போவார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்பது காரணம். சந்தில் ஒரு வீட்டு ஜன்னலுக்கும் திரை கிடையாது. உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கள் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஹார்மன் என்றைக்குத் தலை சீவியிருக்கிறார், என்றைக்கு எண்ணெய் போட்டுச் சீவியிருக்கிறார் என்பதெல்லாம் அந்தச் சந்துக்கு மனப்பாடம்.

ஒரு வருஷம், அந்தப் பருவத்தின் முதல் ஹெர்ரிங் வருகிற திருநாளில், கேட்டுவிடுவது என்று ஹார்மன் முடிவெடுத்தார். படகு எல்லாம் கொடி கட்டி நின்றது. விடியற்காலையிலேயே பாய்மரத்தைப் பார்த்து ஒத்திகை செய்தார். மரம் மறுப்பு சொல்லவில்லை. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு உலாவப் புறப்பட்டார். முதல் தடவை வண்டியைத் தாண்டும்போது வரிசையில் கூட்டம். இரண்டாவது தடவை ஃபெம்மி நிமிர்ந்து, "என்ன கேப்டன், இன்னிக்கு யாரு சாவு? வெள்ளச் சட்டையெல்லாம் பலமா இருக்கு" என்றாள். நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தார். "காத்து ஜாஸ்தியா இருக்குல்ல" என்று வந்தது. இலைகூட அசையவில்லை.

தோற்றுப்போய் பெஞ்சில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். நடுவில் சீப்ரண்ட் இருந்தார். இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். அந்த எஞ்சினோடு கத்திக் கத்திப் பேசிப் பழகியதால், இப்போதும் அவர் ரகசியம் சொன்னால் பக்கத்து ஊரில் நாய் குரைக்கும். பெஞ்சுக்கு நீதிபதியும் அவர்தான். அவருக்கு அந்தப் பக்கம் டௌவெ. அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் யாருக்காவது அடி விழும்.

"விலாங்கு எப்படிடா இருக்கு?" என்றார் சீப்ரண்ட்.

"நேத்து கடுதாசி போட்டிருந்துது. ரெண்டு பிள்ளைங்களக் கட்டிக் குடுத்துடுச்சாம்" என்று ஆரம்பித்தார் ஹார்மன். பெஞ்சில் உட்கார்ந்ததும் நாக்கு தானாக அவிழ்ந்துகொண்டது. எண்ணெய் போட்ட கதவுமாதிரி ஓடியது. அந்த நேரம் பார்த்து ஃபெம்மி தட்டில் ஹெர்ரிங் அடுக்கிக்கொண்டு வந்தாள். பெஞ்சுக்காரர்களுக்கு முதல் மீன் கொண்டுவருவது அவள் வழக்கம். ஹார்மனுக்கு நாக்கு ஓடுகிற வேகத்தில் பிரேக் பிடிக்கவில்லை.

"ஃபெம்மி, என்னக் கட்டிக்கிறியா?"

பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். சீப்ரண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விலாங்கையே முழுங்கிட்டான்டா! இந்த வருஷத்துப் பொய் இதுதான்! இனிமே எவனும் வாயத் தொறக்க வேணாம்" என்று கத்தினார். ஏரியில் மிதந்த வாத்துகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

ஹார்மன் மெல்லக் குனிந்து பார்த்தார். உட்கார்ந்த உடம்பு பச்சைப் பலகையில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. ஆயுசில் ஒரே ஒரு நிஜம் கேட்க வேண்டியிருந்தது. அதைப் போய்ப் பொய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டார்.

ஃபெம்மி சிரிக்கவில்லை. தட்டைப் பெஞ்சில் வைத்தாள். பெஞ்சின் கைப்பிடிக்கட்டை மேல் ஒருபக்கமாகச் சாய்ந்தாள். ஒரு ஹெர்ரிங்கை வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, நிதானமாகத் தின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"சரி. கட்டிக்கிறேன்" என்றாள். எழுந்து போய்விட்டாள். தட்டைக்கூட எடுக்கவில்லை.

சிரிப்பு நின்றது. ஒரு கடல்காகம் தட்டிலிருந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை.

"அவ உக்காந்தா சொன்னா, நின்னா சொன்னா?" என்று கேட்டார் ஹார்மன். குரல் எலிக்குஞ்சு குரலாக இருந்தது.

"கைப்பிடிமேல இருந்து சொன்னா" என்றார் சீப்ரண்ட். சொன்ன பிறகுதான் அதில் இருந்த சிக்கல் அவருக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெஞ்சு போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லை. கைப்பிடி பெஞ்சில் சேர்த்தியா இல்லையா?

"ஒரே பச்சப் பெயின்ட்டுதான அடிச்சிருக்கு? அப்ப அதுவும் பெஞ்சுதான். அவ சொன்னது பொய்" என்றார் சீப்ரண்ட்.

"குப்பத்தொட்டிக்கும் அதே பச்சதான் அடிச்சிருக்கான்" என்றார் டௌவெ.

"சரி, ஒரு கால் கீழ இருந்துச்சில்ல? நான் பாத்தேனே!" என்றார் ஹார்மன்.

"நீ அவ காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றார் டௌவெ.

"யோவ், என் வாழ்க்கப் பிரச்சினைய்யா இது!"

"ஒரு கால் தரையில இருந்தா பாதி நிஜம். பாதிக் கல்யாணம் பண்ணிக்கோ" என்று சீப்ரண்ட் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தார். அது அவருக்கே பிடிக்கவில்லை. எழுந்துபோய்க் கைப்பிடிமேல் தானே உட்கார்ந்து பார்த்தார். அவர் உடம்புக்கு அந்தக் கட்டை போதாது. சறுக்கி ஹார்மன் மடியில் விழுந்தார். "உக்கார முடியல. அதனால இது உக்கார்ற எடம் இல்ல" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"உனக்கு எடம் பத்தல. அவளுக்குப் பத்துச்சே" என்றார் டௌவெ. "கடல்காகம் தெனம் அதுலதான் உக்காருது. அது கத்துறதப் பொய்ங்கிறோமா நிஜம்ங்கிறோமா?"

சீப்ரண்ட் கழற்றின தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அதற்குள் செய்தி சந்துக்குள் புகுந்து, சந்தை மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. ஹார்மன் எழுந்து நடந்தபோது ரொட்டிக்கடைக்காரம்மா ஓடிவந்து ஊர் வழக்கப்படி வாழ்த்தாகக் கன்னத்துக்குக் கன்னம் மூன்று முத்தம் கொடுக்க ஆரம்பித்து, இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். "மூணாவதத் தீர்ப்பு வந்தப்புறம் தர்றேன்" என்றாள். சைக்கிளில் போன ஒருத்தர் மணி அடித்து, "வாழ்த்துச் சொல்லலாமா, சிரிச்சுட்டுப் போகலாமா கேப்டன்?" என்று கேட்டார். தனக்கே தெரியாததை ஹார்மன் எப்படிச் சொல்வார்? அவரைக் கேட்டதோடு விடாமல் அவருடைய படகுக்கு அடுத்த படகுக்காரனுக்கும், பெஞ்சுக்காரர்கள் எல்லாருக்கும்கூட ஊர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தது. விசேஷம் என்றால் அங்கே சம்பந்தப்பட்டவரைச் சுற்றி நிற்கிற ஒருத்தரையும் வாழ்த்தாமல் விடமாட்டார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. இரண்டு காலிலும் நின்று, இரண்டு காலிலும் நிற்கிற ஃபெம்மியிடம் கேட்டுவிட வேண்டும். ஹார்மன் தூக்குப் பாலத்துக்கு விரைந்தார். முழங்கால் வலிக்கவில்லை. அதற்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது போல.

கால் வைக்கப் போகும் நேரத்தில் மணி அடித்தது, தடுப்பு இறங்கியது, பாலம் வானத்தைப் பார்த்து எழுந்தது. கொடி கட்டிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வர ஆரம்பித்தன. அந்தக் கரையில் ஃபெம்மி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கரையில் ஹார்மன். நடுவில் தண்ணீர். பொறுக்க முடியவில்லை. கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஃபெம்மி! கைப்பிடிமேல முழுசா உக்காந்திருந்தியா, சும்மா சாஞ்சிருந்தியா?"

இரண்டு கரையிலும் சைக்கிளோடு காத்திருந்த ஜனம் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"வெங்காயம் வேணுமா வேணாமா?" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள்.

"நான் கேட்டது அதில்ல!"

"நான் கேட்டது அதுதான்!"

கடைசிப் படகு போய்ச் சேர்ந்த பிறகும் பாலம் இறங்கவில்லை. பாலக்காரர் லுபெர்ட் தன் கூண்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எறக்கேன்யா!" என்றார் ஹார்மன்.

"இரு, மெஷின் சூடாயிருக்கு. நீங்க ரெண்டு பேரும் இன்னுங் கொஞ்சம் பேசுங்க" என்றார் லுபெர்ட்.

ஒருவழியாகப் பாலம் இறங்கியது. ஹார்மன் மூச்சிரைக்க வண்டிமுன் போய் நின்றார்.

"வரிசையில நில்லு" என்றாள் ஃபெம்மி, தலையை நிமிர்த்தாமல்.

"ஃபெம்மி, நான் மீனுக்கு வரல..."

"எதுக்கு வந்தாலும் வரிசைதான். இவங்கள்லாம் என்ன வேடிக்க பாக்கவா நிக்கிறாங்க?"

எல்லாரும் வேடிக்கை பார்க்கத்தான் நின்றார்கள். ஆனாலும் வரிசை வரிசைதான். ஹார்மன் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் மீனை வாங்கிக்கொண்டு போகாமல், சுற்றி நின்று தின்றார்கள். சீப்ரண்டும் டௌவெயும் பெஞ்சைக் காலியாக விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். சீப்ரண்டுக்கு நினைவு தெரிந்து அந்த பெஞ்சு பகலில் காலியாகக் கிடந்தது அன்றைக்குத்தான். கடல்காகங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

ஹார்மன் முறை வந்தது. ஃபெம்மி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு காலும் தரையிலயா?"

"தரையிலதான்."

"அப்ப ஒரு நிஜம் சொல்லு பாப்போம். ஒனக்கு அது வருமான்னு நான் தெரிஞ்சுக்கணும். அந்த விலாங்கு எவ்வளவு நீளம்?"

கூட்டத்தில் ஒருத்தர் வாய்வரை கொண்டுபோன ஹெர்ரிங் அப்படியே தொங்கியது. சீப்ரண்ட் தன் சத்தத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு, "டேய் ஹார்மன், பஸ் ஸ்டாப்ப நெனச்சுப் பாருடா" என்று கிசுகிசுத்தார். சந்தை மைதானம் வரைக்கும் கேட்டது.

ஹார்மன் பஸ் நிறுத்தத்தை நினைத்துப் பார்த்தார். மழை நாளில் தனியாக அங்கே உட்கார்ந்து, வராத பஸ்ஸுக்கும் வந்த பஸ்ஸுக்கும் வணக்கம் வைப்பதை நினைத்துப் பார்த்தார். காப்பி குடித்த விலாங்கையும் நினைத்துப் பார்த்தார். பிள்ளை மாதிரி வளர்த்தது. அப்புறம் ஃபெம்மியைப் பார்த்தார். அவள் மூக்கு நுனியில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

கையை அகல விரித்தார். பழக்கம். கொஞ்சம் குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டார்.

"விலாங்கே இல்ல ஃபெம்மி. சைக்கிள் டியூப்பு. சாயங்காலம் தூண்டில் போட்டேன், கனமா இழுத்துச்சு. அரை மணி நேரம் அதோட போராடுனேன். தூக்கிப் பாத்தா டியூப்பு. வால்வோட."

ஃபெம்மியின் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் வண்டி குலுங்கியது. வெங்காயப் பாத்திரம் சரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதற்கு வெங்காயம் காரணமில்லை.

"தெரியும்யா! அது என் டியூப்பு!" என்றாள். "பாலத்து மேல பஞ்சராகி நின்னேன். புது டியூப்ப மாத்திட்டுப் பழசத் தண்ணியில விட்டேன். நீ அதோட மல்லுக்கட்டினத மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். 'வாடா ராசா, வாடா'ன்னு கொஞ்சி இழுத்த. ஒரு முத்தம் வேற குடுத்த. அப்புறம் பாத்தா மறுநாள் பெஞ்சுல அது விலாங்கு! என் டியூப்பு கோபுரத்தச் சுத்துதாம், காப்பி குடிக்குதாம், பிள்ள குட்டி பெக்குதாம்! இத்தன வருஷமா உங்களுக்கு மொத மீன் யாரு கொண்டுட்டு வர்றா? எதுக்குன்னு நெனச்சீங்க? என் டியூப்பு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கேக்கத்தான்!"

அவள் வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மரச்செருப்பு போட்ட இரண்டு காலையும் கல்லில் டக் டக்கென்று ஊன்றினாள். சீப்ரண்ட் குனிந்து பார்த்து, ரெண்டும் தரையில்தான் என்று கூட்டத்துக்குக் கையால் காட்டினார்.

"சரி. கட்டிக்கிறேன்" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரம்மா ஓடிவந்து ஹார்மனுக்கு மூன்றாவது முத்தத்தைப் பாக்கி வைக்காமல் கொடுத்தாள். லுபெர்ட் சந்தோஷத்தில் படகே இல்லாமல் பாலத்தைத் தூக்கிவிட்டார். அதில் பாதி ஊர் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நின்றது.

பெஞ்சு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஹார்மன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய், உட்காராமல் நின்றார். சீப்ரண்ட் நீதிபதி மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"தன் பொய்யத் தானே ஒடச்சான். சட்டப்படி பஸ் ஸ்டாப்புதான்" என்றார்.

"ஒரு ஓட்ட டியூப்ப இத்தன வருஷம் சோறு போட்டு வளத்திருக்கான்" என்றார் டௌவெ. "இவன விடப் பெரிய பொய்யன் எவன் இருக்கான்? இவன அனுப்பிட்டு நாம என்ன, வானிலை அறிக்கையா படிக்கப் போறோம்?"

சீப்ரண்ட் நகர்ந்து இடம் விட்டார்.

கல்யாணம் ஆகி, படகில் பூத்தொட்டிகள் இரண்டு மடங்கான பிறகு ஒருநாள், ஃபெம்மி மதியத் தட்டோடு வந்து அதே கைப்பிடியில் சாய்ந்தாள். ஹார்மன் விலாங்கைச் சந்திரனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான் பாலத்துலருந்து பாத்தேனே. இவரு கொறச்சுச் சொல்றாரு. அதுக்கு மீசை இருந்துச்சு" என்றாள் ஃபெம்மி.

சீப்ரண்ட் துள்ளி எழுந்தார். "பொய்! கைப்பிடிமேல இருந்து பொய் சொல்லிட்டா! அப்ப கைப்பிடியும் பெஞ்சுதான்! வழக்கு முடிஞ்சுது!" என்று கத்தினார். வாத்துகள் பறந்தன.

ஹார்மன் முகம் சுருங்கியது. "அப்ப... மொதல்ல சொன்ன 'சரி' பொய்யா ஃபெம்மி?"

"பின்ன? நீ உக்காந்துகிட்டுக் கேட்ட, நான் உக்காந்துகிட்டுச் சொன்னேன்" என்றாள் அவள். இடுப்பால் அவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, கைப்பிடியிலிருந்து இறங்கிப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். "நகரு. அந்த மீச எப்படி வந்துச்சுன்னா..."